கோழியிலா, கூட்டிலா, மண்ணிலா? வீட்டுக்கோழிகளின் பேன், சிற்றுண்ணி, தெள்ளுக்கு ஒரு வழிகாட்டி

மாலையானதும் தானாகக் கூட்டுக்குள் ஏறிவிடும் கோழி, திடீரென்று ஒருநாள் வாசலில் நின்று தயங்கிவிட்டு முருங்கை மரத்திலோ மதிலிலோ போய்க் குந்திக்கொண்டால், அதைப் பிடிவாதம் என்று எண்ணித் துரத்தி உள்ளே அடைக்காதீர்கள். பெரும்பாலும் கூட்டுக்குள் இரவில் ஏதோ அதைக் கடிக்கிறது. அடைகாத்துக்கொண்டிருந்த பேடு முட்டைகளை விட்டுவிட்டு எழுந்து போவது, கொண்டை வெளிறுவது, முட்டை குறைவது, ஓயாமல் இறகைக் கொத்திக் கோதிக்கொண்டே இருப்பது, நேற்றுவரை ஓடித்திரிந்த குஞ்சு சோர்ந்து விழுவது ஆகியவற்றுக்கு வேறு காரணங்களும் உண்டு. என்றாலும் முதலில் பார்க்கவேண்டியது பேன், சிற்றுண்ணி, தெள்ளு போன்ற வெளி ஒட்டுண்ணிகளைத்தான். பார்ப்பதற்குச் செலவு எதுவும் இல்லை; ஒரு ரோச் லைற்றும் கொஞ்சம் பொறுமையும் போதும்.

திருகோணமலையில் அலஸ்தோட்டம், உப்புவெளி, நிலாவெளிப் பக்கமானாலும் சரி, கிண்ணியா, மூதூர், தம்பலகாமம் பக்கமானாலும் சரி, வளவுக்குள் நாலைந்து ஊர்க்கோழி திரிவது புதிதல்ல. 2022, 2023இல் முட்டை விலை ஏறிய காலத்தில் புதிதாகக் கோழி வளர்க்கத் தொடங்கிய குடும்பங்களும் பல. கூடு அடிக்கவும் தீன் போடவும் அயலவர்கள் சொல்லித்தருவார்கள். பேன், உண்ணி என்று கேட்டால்தான் ஆளுக்கொரு மருந்து வரும். ஒருவர் சாம்பல் பூசச் சொல்வார், ஒருவர் மண்ணெண்ணெய் என்பார், இன்னொருவர் வயலுக்கு அடித்து மிஞ்சிய மருந்துப் போத்தலையே எடுத்துத் தந்துவிடுவார்.

நான் வலியுறுத்த விரும்புவது இதைத்தான்: உங்கள் கோழியைக் கடிப்பது எங்கே குடியிருக்கிறது என்று தெரிந்துகொள்ளாமல் மருந்தைத் தேடிப் போகாதீர்கள். சில ஒட்டுண்ணிகள் கோழியின் உடலிலேயே பிறந்து, அங்கேயே பெருகி, அங்கேயே சாகின்றன. சில பகல் முழுவதும் கூட்டின் வெடிப்புகளில் ஒளிந்திருந்துவிட்டு, இரவில் மட்டும் வந்து இரத்தம் குடித்துத் திரும்புகின்றன. வேறு சில மண்ணில் வளர்ந்து கோழிக்கு வருகின்றன. கூட்டில் இருப்பதற்குக் கோழியைக் குளிப்பாட்டிப் பயனில்லை. கோழியில் இருப்பதற்குக் கூட்டை எரித்தாலும் பயனில்லை.

இரவில் பார்ப்பது

இருட்டி ஒரு மணி நேரம் கழித்துக் கூட்டுக்குப் போங்கள். தூக்கக் கலக்கத்தில் இருக்கும் கோழியைப் பிடிப்பது எளிது. அதற்கும் பதற்றம் குறைவு. ஆனால் இரவைத் தெரிவுசெய்வதற்கு அதைவிடப் பெரிய காரணம், கூட்டில் ஒளியும் சிற்றுண்ணிகளும் (mites) அவற்றைவிடப் பெரிய கோழி உண்ணிகளும் (ticks) அப்போதுதான் வெளியே வரும் என்பது. பகலில் மட்டும் பார்ப்பவர் கோழி சுத்தமாக இருக்கிறது என்று முடிவுகட்டிவிடுவார்.

ஒருவர் பிடிக்க ஒருவர் பார்ப்பது நல்லது. சிறகிரண்டையும் உடலோடு சேர்த்து அணைத்து, கோழியின் தலை உங்கள் முழங்கைப் பக்கமும் வால் வெளிப்பக்கமும் இருக்கும்படி கையிடுக்கில் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் பார்க்கவேண்டிய இடம் வாலுக்குக் கீழே, எச்சம் போகும் வழியைச் சுற்றி. அங்குள்ள மென்மையான இறகுகளை இரண்டு விரலால் விலக்கித் தோல் தெரியும்படி ஊதி, அந்தக் கணமே வெளிச்சத்தை அடியுங்கள். பேன் இருந்தால், வைக்கோல் நிறத்தில் இரண்டு மூன்று மில்லிமீற்றர் நீளமான பூச்சிகள் வெளிச்சத்துக்கு அஞ்சித் தோலின்மேல் விரைந்து ஓடுவது தெரியும். அவை ஓடி மறைந்துவிட்டாலும் முட்டைகள் காட்டிக்கொடுக்கும். இறகுத் தண்டின் அடியில், ஈரச் சீனி ஒட்டிக் காய்ந்ததுபோல் வெள்ளையாகக் கொத்துக் கொத்தாக அவை இருக்கும். நகத்தால் சுரண்டினாலும் இலேசில் வராது.

அதே இடத்தில் இறகுகள் கறுத்து அழுக்கேறி, ஒரு மில்லிமீற்றர்கூட இல்லாத கருமையும் சிவப்புமான புள்ளிகள் ஊர்ந்துகொண்டிருந்தால் அவை சிற்றுண்ணிகள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே உங்கள் மணிக்கட்டிலும் ஏறிவிடும். பயப்படத் தேவையில்லை, கடிக்கும், அரிக்கும், ஆனால் மனித உடலில் குடியிருந்து பெருகாது. வேலை முடிந்ததும் குளித்து, உடுத்திருந்த துணியைச் சுடுநீரில் அலசினால் போதும். கோழிப்பேன் மனிதர் தலையில் வந்து தங்கும் என்பதும் உண்மையில்லை. கோழிப்பேன் வேறு, மனிதர் தலைப்பேன் வேறு.

அடுத்ததாகச் சிறகை விரித்து அடிப்பக்கத்தைப் பாருங்கள். சிறு கொப்புளங்கள்போல நீலங்கறுப்பாகத் தோலில் பதிந்திருப்பவை கோழி உண்ணியின் குஞ்சுப் பருவம். பிறகு முகம். கண்ணைச் சுற்றி, கொண்டையில், தாடியில் மண்ணிறப் புள்ளிகள் நெருக்கமாகப் பதிந்து, தொட்டாலும் அசையாமல் இருந்தால் அது ஒட்டுத்தெள்ளு. இதைக் கோழி அம்மை என்று தவறாக எண்ணுபவர்கள் பலர். அம்மைக் கொப்புளம் தோலிலிருந்து எழும்பிய பருவாக, மேலே பொருக்குக் கட்டியிருக்கும். தெள்ளை உற்றுப் பார்த்தால் ஒவ்வொன்றும் தனித்தனி உடலாகத் தெரியும். கடைசியாகக் கால்களைப் பாருங்கள். செதில்கள் வழவழப்பாகப் படிந்திருக்கவேண்டும். தடித்து எழும்பி, இடையில் வெள்ளைப் பொருக்கு நிறைந்திருந்தால் அது கால் சிற்றுண்ணி.

கோழியைத் திரும்ப வைத்த பிறகு, கோழி குந்தும் தடியின் அடிப்பக்கத்தையும் அதன் முனை பலகையில் பொருந்தும் இடத்தையும் ஒரு வெள்ளைத் துணியால் அழுத்தித் துடையுங்கள். துணியில் சிவப்பாகக் கோடு விழுந்தால், உங்கள் கோழிகளின் இரத்தத்தைக் குடித்த சிற்றுண்ணிகள் அந்த வெடிப்பில் நிறைந்திருக்கின்றன. கோழியின் உடலில் ஒன்றையும் காணாமல் துணி மட்டும் சிவந்தாலும், வேலை கூட்டில்தான் என்று தெரிந்துகொள்ளலாம்.

கோழியின் உடலில் இருப்பவற்றுக்கு

பேனின் வாழ்க்கை முழுவதும் கோழியின் மேல்தான். முட்டை பொரிக்க நாலு முதல் ஏழு நாள்; பொரித்தது வளர்ந்து முட்டையிடத் தொடங்க ஏறத்தாழ மூன்று வாரம். கோழியை விட்டு விழுந்தால் சில நாளில் செத்துவிடும். ஆகவே பேனுக்கு மருந்து கோழிக்கே போடவேண்டும். எந்தத் தூளும் ஏற்கெனவே இட்ட முட்டையைக் கொல்லாது என்பதை மறக்கவேண்டாம். இன்று உயிரோடு இருப்பவற்றைக் கொன்றால், அடுத்த வாரம் முட்டைகளிலிருந்து புதிய கூட்டம் வரும். அதனால் முதல் முறை போட்டு ஏழு முதல் பத்து நாளில் இரண்டாம் முறை போடுவது கட்டாயம். பார்த்துவிட்டுத் தேவையென்றால் மூன்றாம் முறையும். ஒரே முறை போட்டுவிட்டு "மருந்து கேட்கவில்லை" என்று வேறு மருந்துக்கு மாறுபவர்கள், உண்மையில் இரண்டாம் தவணையைத் தவறவிட்டவர்கள்.

தொற்று குறைவாக இருந்தால் விறகடுப்புச் சாம்பலிலேயே தொடங்கலாம். நன்றாக ஆறிய சாம்பலைச் சல்லடையில் அரித்து, கரித்துண்டுகளை நீக்கி, ஒரு மெல்லிய துணியில் முடிந்துகொள்ளுங்கள். கோழியின் இறகை எதிர்த்திசையில் விலக்கி, முடிச்சைத் தட்டித் தட்டித் தோல்வரை தூள் இறங்கும்படி போடவேண்டும். பின்புறம், இரு சிறகுகளின் அடி, தொடை இடுக்கு, கழுத்தின் பின்பக்கம் ஆகியவை விடுபடக்கூடாத இடங்கள். கண்ணிலும் மூக்கிலும் படவிடாதீர்கள். சாம்பல் காய்ந்திருக்கவேண்டும், ஈரமானால் காரமாகித் தோலை அரிக்கும். பொலித்தீன், பிளாஸ்டிக் போட்டு எரித்த அடுப்புச் சாம்பல் கோழிக்கு ஆகாது.

முட்டைக் கொத்துகள் அடர்த்தியாக ஒட்டிய இறகுகளைத் தோலுக்குச் சற்று மேலே கத்தரித்து எடுத்து எரித்துவிடுங்கள். இது மருந்தைவிடப் பயன் தரும் வேலை. ஆனால் பலர் செய்வதில்லை. இளம் இறகின் தண்டில் இரத்தம் ஓடும் என்பதால் அடியோடு பிடுங்கக்கூடாது.

பேன் ஏன் ஒரு கோழியில் மட்டும் குவிகிறது என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நலமான கோழி அலகால் கோதியே தன் பேன்களைக் குறைத்துக்கொள்ளும். அலகு வெட்டிய பண்ணைக்கோழியால் அது முடியாது. நோயால் சோர்ந்ததும் கிழடானதும் கோதுவதை நிறுத்திவிடும். ஒரு கோழியில் மட்டும் பேன் மொய்த்தால், அந்தக் கோழிக்கு வேறு என்ன குறை என்று பாருங்கள்.

கூட்டில் ஒளிந்திருப்பவற்றுக்கு

கூட்டின் வெடிப்புகளில் ஒளிந்து இரவில் இரத்தம் குடிக்கும் சிவப்புச் சிற்றுண்ணி, வெப்பமான நாட்களில் ஒரு வாரம், பத்து நாளிலேயே ஒரு தலைமுறையை முடித்துவிடும். நம் ஊரில் குளிர்காலம் என்று ஒன்று வந்து அதை நிறுத்தப்போவதில்லை. உணவில்லாமல் மாதக்கணக்கில் வெடிப்புக்குள் காத்திருக்கவும் அதனால் முடியும். கோழியையெல்லாம் விற்றுவிட்டுக் கூட்டைச் சில வாரம் சும்மா விட்டு, புதுக்கோழி வாங்கிவிட்டால் தீர்ந்துவிடும் என்ற கணக்கு இங்கே எடுபடாது.

வெயில் நன்றாக எறிக்கும் ஒரு காலையைத் தெரிவுசெய்யுங்கள். கோழிகளை வெளியே விட்டதும், கூட்டுக்குள் இருக்கும் உமி, வைக்கோல், முட்டைப் பெட்டியின் அடிவிரிப்பு எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் வாரி, வளவின் ஓரத்தில் உடனே எரியுங்கள். குப்பை மேட்டில் கொட்டினால் திரும்பி வரக்கூடும். தடிகளைக் கழற்றி வெளியே எடுங்கள். கழற்ற முடியாதபடி ஆணி அடித்திருந்தால் இதுதான் அதைப் பிடுங்கும் நாள். இனிமேல் கழற்றி மாட்டும்படியே வையுங்கள். பலகைச் சந்துகளையும் ஆணித் துளைகளையும் கம்பியாலோ பழைய கத்தியாலோ கீறிச் சுரண்டி, ஈர்க்குமாற்றால் கூட்டித் தள்ளுங்கள். பிறகு கொதிநீரைக் கேத்தலோடு கொண்டுவந்து ஒவ்வொரு சந்திலும் மெதுவாக ஊற்றுங்கள். கொதிநீர் சிற்றுண்ணியோடு அதன் முட்டையையும் கொன்றுவிடும். வேறு எந்தச் சரக்கையும்விட நான் இதைத்தான் நம்புகிறேன்.

மாலைவரை கூட்டைத் திறந்து வெயிலில் காயவிட்டபின், ஒரு லீற்றர் இளஞ்சூட்டு நீரில் இரண்டு தேக்கரண்டி வேப்பெண்ணெயும் சில துளி பாத்திரம் கழுவும் திரவமும் கலந்து, அடிக்கடி குலுக்கியபடி சந்துகளில் தெளிக்கலாம். பலகைக் கூடானால் சுண்ணாம்பு அடிப்பது இன்னும் நல்லது. நீறிய சுண்ணாம்பைக் கெட்டியாகக் கரைத்து, சந்துகள் அடையும்படி பிரஷால் பூசி, முழுவதும் காய்ந்த பிறகே கோழியை ஏற்றவேண்டும். சுண்ணாம்பைக் கோழியின் உடலில் ஒருபோதும் பூசாதீர்கள். தோலையும் கண்ணையும் புண்ணாக்கும்.

ஒரு வாரம் கழித்து இதே வேலையை மறுபடியும் செய்யவேண்டும். அதற்கு அடுத்த வாரம் வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள்.

கூட்டின் அமைப்பைப் பற்றியும் சொல்லவேண்டும். கிடுகுக் கூரையும் ஓலைச் சுவரும் வெக்கைக்கு நல்லவை. ஆனால் ஓலை மடிப்பு ஒவ்வொன்றும் சிற்றுண்ணிக்கு ஒரு வீடு. தகரத்தால் கூரை போட்டு, வெப்பம் தணிய அதன் வெளிப்பக்கத்தில் கிடுகு பரப்பினால் உள்ளே ஒளிய இடம் குறையும். மூங்கில் தடியின் இரு முனையும் குழலாகத் திறந்திருக்கும். அடைக்காமல் விட்டால் அதற்குள் ஆயிரக்கணக்கில் குடியேறும். பட்டை உரித்த வழவழப்பான மரத்தடியே மேல். முடிந்தால் தடிகளைச் சுவரில் பொருத்தாமல் நாலு காலுள்ள ஒரு தனி நிலையில் அமைத்து, ஒவ்வொரு காலையும் பொரித்து மிஞ்சிய எண்ணெய் ஊற்றிய சிறு ரின்னுக்குள் நிறுத்துங்கள். நிலையும் கோழியின் வாலும் சுவரில் முட்டாமல் இருந்தால், சுவரில் ஒளிந்திருப்பது இரவில் கோழியை அடைய வழியில்லை. கூரையில் மைனாவோ புறாவோ கூடு கட்டினால், குஞ்சுகள் பறந்துபோனதும் அந்தக் கூட்டை அகற்றிவிடுங்கள். காட்டுப் பறவைகளின் கூடுகளிலிருந்தும் சிற்றுண்ணி இறங்கும்.

அடைக்கோழியைக் கவனிப்பது

கோழி வளர்ப்பில் ஒட்டுண்ணியால் உயிர்ச்சேதம் கூடுதலாக நேர்வது அடைக்காலத்தில்தான். பேடு இருபத்தொரு நாள் அசையாமல் ஒரே இடத்தில் இருக்கிறது. தீன் தின்னவும் எச்சமிடவும் நாளுக்கு ஒருமுறை சிறிது நேரம்தான் எழுகிறது. மண்ணில் புரள நேரமில்லை. அடியில் இளஞ்சூடும் மறைவும் உள்ள கூடு. பறவைக் கூடுகளிலேயே முட்டையிட்டுப் பெருகும் வெப்பமண்டலக் கோழிச் சிற்றுண்ணிக்கு இதைவிட வாய்ப்பான இடம் கிடையாது. குஞ்சு பொரிக்கும் நாளில் அந்தக் கூட்டம் உச்சத்தில் இருக்கும். ஈரம் உலராத குஞ்சின் மெல்லிய தோலில் அவை ஏறினால், அதன் உடலிலுள்ள கொஞ்ச இரத்தத்துக்கு அது தாங்காது.

அடை வைக்க எண்ணும் பேட்டை முதலில் இரவில் பாருங்கள். பேனோ சிற்றுண்ணியோ இருந்தால் முதலில் அதைத் தீர்த்துவிட்டு அடை வையுங்கள். முட்டை சில நாள் காத்திருக்கும். அதற்குள் பேடு அடையில் அழுந்திவிட்டதென்றால், இரவில் எடுத்துத் தூள் போட்டு, உடனே திரும்ப வைத்துவிடலாம்.

பழைய அடைக்கூட்டை அப்படியே இன்னொரு பேட்டுக்குக் கொடுக்கவேண்டாம். பனையோலைக் கடகம், பழைய பெட்டி போன்றவற்றின் பின்னலில் போன தடவையின் சிற்றுண்ணி காத்திருக்கும். மண்சட்டியோ பிளாஸ்டிக் பேசினோ மேல். கொதிநீர் ஊற்றிக் கழுவி வெயிலில் வைத்தால் சுத்தமாகிவிடும். அடியில் உலர்ந்த மணல், அதன்மேல் அரித்த சாம்பல் மெல்லியதாக, அதற்கும் மேலே காய்ந்த வைக்கோல். நிழலில் காயவைத்த வேப்பிலையோ நொச்சி இலையோ இடையில் போடும் பழக்கம் நம்மவர்களிடம் உண்டு. போடுங்கள், கெடுதலில்லை. ஆனால் அதை மட்டும் நம்பி இருபத்தொரு நாளும் பார்க்காமல் விடாதீர்கள். பச்சை இலை வேண்டாம். ஈரம் கட்டிப் பூஞ்சணம் பிடிக்கும்.

பேடு எழுந்து வரும் வழியிலேயே தீனும் தண்ணீரும், பக்கத்தில் புரளக் காய்ந்த மணலும் இருக்கட்டும். பத்தாம் நாளளவில், அது தின்னப்போன நேரம் முட்டைகளின்மேல் உங்கள் கையை வைத்து ஒரு நிமிடம் அப்படியே இருங்கள். கையில் எதுவும் ஊராவிட்டால் நல்லது. ஊர்ந்தால் உடனே அடிவிரிப்பை மாற்றவேண்டும். புதிய சட்டியை முன்கூட்டியே தயாராக வைத்திருந்து, முட்டைகளை உலர்ந்த துணியால் மெல்லத் துடைத்து அதில் மாற்றி, பழைய அடிவிரிப்பைத் தீயில் போடுங்கள். அந்த மாற்றத்தைப் பேடு ஏற்றுக்கொள்ள, சட்டி முன்பிருந்த அதே இடத்தில் இருக்கவேண்டும்.

குஞ்சுகள் பொரித்து உலர்ந்ததும் தாயையும் குஞ்சுகளையும் வேறிடத்துக்கு மாற்றி, அடைக்கூட்டின் விரிப்பை அன்றைக்கே எரித்து, சட்டியைக் கொதிநீர் ஊற்றிக் கழுவுங்கள். நாளைக்கு என்று தள்ளிவைக்காதீர்கள். கோழி போனதும் பசியோடு கிடக்கும் சிற்றுண்ணிகள் கூட்டை விட்டுப் பரவும். அடைக்கூடு குசினிக்குள்ளோ விறாந்தையிலோ இருந்தால் வீட்டிலுள்ளவர்களைக் கடிக்கும். "குஞ்சு பொரித்தபிறகு பிள்ளைகளுக்கு உடம்பெல்லாம் அரிக்கிறது" என்று பல வீடுகளில் கேட்பதற்கு இதுதான் காரணம்.

ஒரு வாரத்துக்கு உட்பட்ட குஞ்சுக்கு எந்த மருந்தும் போடாதீர்கள், சாம்பலும்கூட. தாய்க்கும் கூட்டுக்கும் செய்வதுதான் குஞ்சுக்கான வைத்தியம்.

கால், முகம், வெடிப்பு

கால் சிற்றுண்ணி மெதுவாகவே பரவும், மெதுவாகவே குணமாகும். இளஞ்சூட்டு நீரில் சவர்க்காரம் கரைத்துக் காலைச் சில நிமிடம் ஊறவைத்து, பழைய பல் துலக்கும் பிரஷால் மெல்லத் தேய்த்து, துடைத்து உலரவிட்டு, வஸ்லினைச் செதில்களின் இடுக்கில் இறங்கும்படி பூசுங்கள். தோல் சுவாசத்தை அடைத்தே இது சிற்றுண்ணியைக் கொல்கிறது. தேங்காயெண்ணெயும் பூசலாம், ஆனால் சீக்கிரம் வடிந்துவிடும். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை, சில வாரங்களுக்கு விடாமல் பூசவேண்டும். தூக்கி நிற்கும் செதிலைப் பிய்க்கக்கூடாது. மண்ணெண்ணெயில் காலைத் தோய்ப்பது பழைய முறை. அது தோலைச் சுட்டுப் புண்ணாக்கும், வேண்டாம்.

ஒட்டுத்தெள்ளு நம் கரையோர வளவுகளின் தொல்லை. பெண் தெள்ளு முகத்தில் பதிந்தபடியே முட்டையிடும். முட்டை மண்ணில் விழுந்து, நிழலான உலர்ந்த மணலில் புழுவாகி, கூட்டுப்புழுவாகி, ஒரு மாதத்துக்கு மேல் கழித்துத் தெள்ளாக எழும். நாய், பூனை, எலி எல்லாவற்றிலும் ஏறும். கோழியின் முகத்தில் கூட்டமாக இருக்கும் இடத்தில் வஸ்லினைத் தடிப்பாகப் பூசுங்கள், கண்ணுக்குள் போகாமல். இரண்டு நாளில் செத்து விழத் தொடங்கும். விரலால் பிய்த்தால் வாய்ப்பகுதி தோலில் தங்கிப் புண்ணாகும். பிறகு, கூட்டுக்கு அடியில் கிடக்கும் மேல்மணலை ஒரு சாண் ஆழத்துக்கு வாரி அகற்றி, வெயில் படும்படி திறந்துவிடுங்கள். கூட்டுக்கு அடியில் நாய் படுக்க இடம் கொடுக்காதீர்கள். நாய்க்கும் தெள்ளு மருந்து போடவேண்டும். நாயை விட்டுவிட்டுக் கோழியை மட்டும் பார்த்தால் வேலை முடியாது.

கோழி உண்ணி இந்தக் கூட்டத்தில் மிகவும் ஆபத்தானது. தட்டையான, சாம்பலும் மண்ணிறமும் கலந்த உடல். பகலில் மரப்பட்டைக்குள், சுவர் வெடிப்பில். ஒரு வருடத்துக்கு மேலும் பட்டினி கிடக்கும். இரத்தத்தைக் குடிப்பதோடு நிற்காமல் கோழிகளுக்குக் கொடிய காய்ச்சலையும் பரப்பும். சில வேளை கோழியின் காலைச் செயலிழக்கவும் செய்யும். கோழி பச்சையாகக் கழிந்து, கால் தள்ளாடி, கூட்டில் உண்ணியும் இருந்தால் வீட்டு வைத்தியத்தில் நேரத்தைப் போக்காமல் கால்நடை வைத்தியரிடம் போங்கள். சுவர் வெடிப்புகளைச் சீமெந்தால் பூசி அடைப்பதே உண்ணிக்கு நிலையான தீர்வு.

மாரியிலும் காய்ந்த மணல்

கச்சான் காற்று வீசும் மாதங்களில் கோழி தனக்கு வேண்டிய குழியைத் தானே தோண்டி மண்ணில் புரண்டுகொள்ளும். சிக்கல் ஐப்பசியில் வாடை மழை தொடங்கும்போது வருகிறது. வளவெல்லாம் நனைந்து, தை வரை கோழிக்குப் புரள ஒரு பிடி காய்ந்த மண் கிடைக்காது. பேன் பெருகுவது அந்த மாதங்களில்தான். ஆகவே புரட்டாதிக்குள் கூரைக்குக் கீழே ஒரு மண்குளியல் தயார்செய்துவிடுங்கள்.

இரண்டடி நீள அகலமும் ஓரடி ஆழமும் உள்ள எந்தப் பெட்டியும் ஆகும். மூன்று பங்கு உலர்ந்த மணல், ஒரு பங்கு அரித்த விறகுச் சாம்பல். தம்பலகாமம், கிண்ணியாப் பக்கத்து நெல் ஆலைகளில் உமிச் சாம்பல் கிடைத்தால் கொஞ்சம் சேர்க்கலாம். அதில் பெரும்பகுதி சிலிக்கா. பூச்சியின் மேல்தோலை உராய்ந்து உலர்த்தும். கொட்டும்போது வாயையும் மூக்கையும் துணியால் கட்டிக்கொள்ளுங்கள், அந்தத் தூசி மனித நுரையீரலுக்கும் நல்லதல்ல. சிற்றுண்ணித் தொல்லை தொடர்ந்து இருந்தால் கந்தகத் தூளைச் சிறிதளவு கலப்பது சாம்பலைவிட நன்றாக வேலைசெய்யும். கடற்கரை மணலைச் சேர்ப்பதானால் மழையில் நன்கு கழுவுண்டு உப்புப் போனதாக இருக்கட்டும்.

பழைய லொறி ரயரை மண்குளியலாக்கும் வழக்கம் பரவிவருகிறது. கூரைக்குக் கீழே, மணல் நிறைந்தபடி இருந்தால் சரி. வெளியே கிடந்தால் அதில் மழைநீர் தேங்கும். 2017இல் கிண்ணியாவில் டெங்கு என்ன பாடுபடுத்தியது என்பது இந்த மாவட்டத்தில் எவருக்கும் மறந்திருக்காது. தவிரவும், நுளம்புதான் கோழி அம்மையையும் பரப்புகிறது.

மருந்துக் கடைக்குப் போகும் முன்

வீட்டு முறைகளுக்கு மசியாத அளவு தொற்று இருந்தால் மருந்து வேண்டும்தான். பேர்மெத்ரின், டெல்டாமெத்ரின் என்ற பூச்சிகொல்லி வகையைச் சேர்ந்த, கோழிக்கென்று தயாரித்த தூளோ தெளிமருந்தோ கிடைக்கும். எது, எவ்வளவு என்பதை உங்கள் பிரதேசத்திலுள்ள அரச கால்நடை வைத்திய அலுவலகத்தில் கேட்டு வாங்குங்கள். கேட்கும்போதே இரண்டு கேள்விகளை மறக்காதீர்கள்: எத்தனை நாள் முட்டை சாப்பிடக்கூடாது, எத்தனை நாள் இறைச்சிக்கு வெட்டக்கூடாது. பேர்மெத்ரின் பூனைக்கு நஞ்சு, மீனுக்கும் நஞ்சு. தூள் போட்ட கோழியோடு பூனை படுக்காமலும், கழுவிய நீர் கிணற்றடிக்கோ குளத்துக்கோ ஓடாமலும் பாருங்கள். ஐவர்மெக்டின் என்ற ஒட்டுண்ணி மருந்து ஊசியை யாரோ சொன்ன அளவில் கோழிக்குக் கொடுப்பதும் தவறு. அது முட்டையில் போய்ச் சேரும்.

வயலுக்கும் மரக்கறித் தோட்டத்துக்கும் அடிக்கும் மருந்தைக் கோழியிலோ கூட்டிலோ தெளிக்கவே கூடாது. நாயின் தெள்ளுக்குக் கழுத்தில் விடும் சொட்டு மருந்தும் அப்படித்தான். அவற்றில் பலவற்றில் இருப்பது பிப்ரோனில் என்ற பூச்சிகொல்லி. 2017இல் நெதர்லாந்திலும் பெல்ஜியத்திலும் கோழிப்பண்ணைகளில் சிவப்புச் சிற்றுண்ணியை ஒழிக்க அனுமதியில்லாமல் பிப்ரோனிலைப் பயன்படுத்தினார்கள். அது முட்டைக்குள் இறங்கியது தெரியவந்ததும் ஐரோப்பா எங்கும் மில்லியன் கணக்கான முட்டைகளைக் கடைகளிலிருந்து திரும்ப எடுக்கவேண்டியதாயிற்று. அங்கே பரிசோதனைக்கூடம் இருந்தது, கண்டுபிடித்தார்கள். நம் வளவுக் கோழியின் முட்டையைச் சோதித்துப் பார்க்க யாரும் இல்லை. அதை அவித்துப் பிள்ளைக்குக் கொடுப்பவர்கள் நாம்தான்.

புதுக்கோழி வரும்போது

சந்தையில் வாங்கினாலும் உறவினர் வீட்டிலிருந்து வந்தாலும், புதுக்கோழியை நேராகக் கூட்டுக்குள் விடாதீர்கள். வளவின் மறுபக்கத்தில் தனியாக மூன்று வாரம் வைத்திருங்கள். வரும்போது கண்ணுக்குத் தெரியாத பேன் முட்டைகள் பொரித்து வளர்ந்து வெளியே தெரிய அந்தக் காலம் வேண்டும். வந்த இரவும், ஒரு வாரம் கழித்தும், கூட்டில் சேர்ப்பதற்கு முதல்நாளும் முழுவதுமாகப் பாருங்கள். கோழியைக் கொண்டுவந்த பெட்டியையும் சாக்கையும் அன்றே எரித்துவிடுங்கள். இரவல் அடைப்பெட்டி வாங்கவும் வேண்டாம், கொடுக்கவும் வேண்டாம்.

பிறகு மாதம் ஒரு இரவு, மாரியில் இரண்டு வாரத்துக்கு ஒரு இரவு, எல்லாக் கோழிகளையும் பார்க்காவிட்டாலும் ஓரிரண்டையாவது எடுத்து இறகை விலக்கிப் பாருங்கள். தடியைத் துடைத்துப் பாருங்கள். பார்த்தது எது என்று உறுதியாகத் தெரியாவிட்டால், ஒளிபுகும் ஒட்டுநாடாவை அதன்மேல் அழுத்தி எடுத்து, வெள்ளைத் தாளில் ஒட்டிக்கொண்டு கால்நடை வைத்தியரிடம் போங்கள். அது கோழியின் உடலில் கிடைத்ததா, தடியில் கிடைத்ததா, பகலிலா இரவிலா என்பதையும் தாளின் மூலையில் எழுதிவையுங்கள். அவர் முதலில் கேட்பது அதுவாகத்தான் இருக்கும்.